பாறைக்குள் மைக்ரோவேவ்: எண்ணெய் வருமா?

கேள்வி: அமெரிக்காவில் ஷேல் (படிவுப் பாறை) எண்ணெய் ஏற்கெனவே கொட்டுகிறதே, அப்புறம் எதற்கு மைக்ரோவேவ் கொண்டு பாறையைச் சூடாக்கி எண்ணெய் எடுக்க வேண்டும்?

டெக்சாஸில் எடுப்பது வேறு சரக்கு. அங்கே எண்ணெய் திரவமாகவே பாறைக்குள் சிக்கியிருக்கிறது. அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி விரிசல் உண்டாக்கினால் வந்துவிடும். கொலராடோ, யூட்டா, வயோமிங் மாநிலங்களில் பரவிக் கிடக்கும் கிரீன் ரிவர் பாறையில் இருப்பதோ கெரோஜன் என்ற திடப்பொருள். பூமிக்குள் போதிய வெப்பம் கிடைக்காததால் அது இன்னும் எண்ணெயாகவில்லை. சுமார் 350 டிகிரி செல்சியஸில் நீண்ட காலம் வைத்திருந்தால் எண்ணெயும் வாயுவுமாகப் பிரியும்.

கேள்வி: வீட்டு மைக்ரோவேவ் அடுப்பு போலத்தான் வேலை செய்யுமா?

தத்துவம் அதேதான். ஆனால் அடுப்பின் 2.45 கிகாஹெர்ட்ஸ் அலை ஈரமான பாறைக்குள் வெகுதூரம் போகாது. அதனால் மெகாஹெர்ட்ஸ் அளவிலான ரேடியோ அலைக்கு இறங்கி, ஆழ்துளைக்குள் ஆண்டெனாவை இறக்குகிறார்கள். 1970களிலேயே சிகாகோவின் ஐஐடி ஆய்வு நிறுவனம் (நம்மூர் ஐஐடி இல்லை, இல்லினாய்ஸ்) இதில் இறங்கியது. பின்னர் வந்த ரேதியான் என்ற அமெரிக்க நிறுவனம், சூடான பாறையிலிருந்து எண்ணெயைக் கழுவி எடுக்கக் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்துக்கொண்டது. 2008இல் அந்த நுட்பத்தை ஷ்லும்பெர்கர் என்ற எண்ணெய்த் துறைச் சேவை நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 1947இல் முதல் மைக்ரோவேவ் அடுப்பை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் இதே ரேதியான்தான்!

சிக்கல் பாறையின் குணத்தில் இருக்கிறது. முதலில் அலையை அதிகம் உறிஞ்சுவது நீர். அது ஆவியானதும் அலை இன்னும் உள்ளே போகும், அதுவரை நல்லது. கெரோஜன் கரியாக மாறத் தொடங்கியதும் அந்தக் கரி அலையை வெறியோடு விழுங்கும். ஒரு இடம் கருகும், பக்கத்து இடம் வேகாது.

கேள்வி: செலவழிக்கும் மின்சாரத்துக்குக் கட்டுப்படியாகுமா?

தோராயக் கணக்கு போடுவோம். ஒரு டன் பாறையை அந்தச் சூட்டுக்கு ஏற்றவே 90 யூனிட்டுக்கு மேல் வேண்டும். வளமான பாறை என்றால் டன்னுக்கு 100 லிட்டர் எண்ணெய், அதாவது சுமார் 1,000 யூனிட் ஆற்றல். லாபம் போலத் தெரிகிறதா? அனல்மின் நிலையத்தில் 90 யூனிட் மின்சாரத்துக்கு 270 யூனிட் வெப்பம் எரிக்க வேண்டும். அலையை உண்டாக்குவதில் ஒரு பங்கு வீண். சுற்றுப்பாறைக்குக் கசியும் சூடு தனி. சாதாரண மின் ஹீட்டரோடு கொலராடோவில் பல வருடம் முயன்ற ஷெல் எண்ணெய் நிறுவனமே 2013இல் கடையைக் கட்டியது. ஹீட்டரைவிட அலை வேகமாகச் சூடாக்கும், உண்மை. அதற்காக மின்சாரக் கணக்கு மாறிவிடாது.

கேள்வி: மேலே குடியிருப்பவர்களுக்குக் கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

இல்லை, அலையை மண்ணும் நீருமே உறிஞ்சிவிடும். கவலைப்பட வேண்டியது நிலத்தடி நீருக்கு. ஷெல் நிறுவனம் சூடாக்கும் இடத்தைச் சுற்றிலும் மண்ணை உறையவைத்துப் பனிச்சுவர் எழுப்பிச் சோதித்ததே அதற்காகத்தான்.