குளோக்கன்ஷ்பீல்: 'மணி விளையாட்டு' என்று எழுதலாமா?

கேள்வி: கச்சேரிக் குறிப்பு ஒன்றை ஜெர்மனிலிருந்து தமிழாக்குகிறேன். அகராதியில் 'குளோக்கெ' என்றால் மணி, 'ஷ்பீல்' என்றால் விளையாட்டு. 'குளோக்கன்ஷ்பீல்' மணி விளையாட்டா? நடுவில் வரும் 'ன்' பன்மையா?

பதில்: மணி விளையாட்டு வேண்டாம். இது ஓர் இசைக்கருவியின் பெயர், அப்படி எழுதினால் கருவி காணாமல் போய்விடும்.

ஜெர்மன் கூட்டுச்சொல்லை வாலிலிருந்து பிரியுங்கள். மரப்பெட்டி எப்படிப் பெட்டியோ, அப்படியே அங்கும் கடைசிச் சொல்தான் தலைமை. சொல்லின் இலக்கணப் பாலும் அதிலிருந்தே வரும்: 'டீ குளோக்கெ' ('டீ' பெண்பால் குறி), 'டாஸ் ஷ்பீல்' ('டாஸ்' ஆணும் பெண்ணும் அல்லாத பாலின் குறி), ஆகவே 'டாஸ் குளோக்கன்ஷ்பீல்'.

தவறு நேர்வது 'ஷ்பீல்' என்ற இடத்தில்தான். விளையாட்டு அதன் ஒரு பொருள் மட்டுமே. வாத்தியம் வாசிப்பதற்கும் அதே வேர்தான். ஊர் ஊராகப் போய் வாசித்த பழங்காலக் கலைஞர் 'ஷ்பீல்மான்'. ஒன்றாகச் சேர்ந்த தொகுதி என்றும் பொருள் உண்டு. சீட்டுக்கட்டு ஒரு 'ஷ்பீல்'. காலுறை பின்னும் ஐந்து ஊசிகள் சேர்ந்தால் 'நாடல்ஷ்பீல்', அதாவது ஊசித்தொகுதி. வாசிப்பதற்கான மணித்தொகுதி என்று கொண்டால் நம் சொல் தெளிந்துவிடும்.

'ன்' பற்றிய சந்தேகம் நல்ல சந்தேகம். பார்வைக்குப் பன்மைதான். ஆனால் சூரிய ஒளிக்கு ஜெர்மனில் 'சொன்னன்ஷைன்'. சூரியன் ஒன்றுதான், 'ன்' மட்டும் நிற்கிறது. பழைய வேற்றுமை விகுதி இணைப்பெழுத்தாகத் தங்கிவிட்டது. பனங்காயில் நடுவே வரும் 'அம்' சாரியையை நினைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து எண்ணிக்கை சொல்ல முடியாது.

'குளோக்கெ' பிறவி ஜெர்மன் சொல் அல்ல. அயர்லாந்துத் துறவிகள் கைமணியோடு கொண்டுவந்த கெல்டிக் சொல் என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ஆங்கிலத்தின் 'கிளாக்' அதன் உறவு.

மொழிபெயர்க்குமுன் எந்தக் கருவி என்று பாருங்கள். மியூனிக் நகர்மன்றக் கோபுரத்தில் இருப்பது 43 மணிகள் கொண்ட தொகுதி. அதற்கு 'கோபுர மணித்தொகுதி' பொருந்தும். ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பதில் மணியே கிடையாது. எஃகுப் பட்டைகளைச் சிறு சுத்தியலால் தட்டுவார்கள், எழுதிய சுரத்தைவிட இரண்டு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அங்கே 'குளோக்கன்ஷ்பீல்' என்றே எழுதி, ஒருமுறை 'எஃகுப் பட்டை இசைக்கருவி' என்று விளக்கினால் போதும். மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபரா (1791) பற்றிய குறிப்பானால், அது விசைப்பலகை வைத்த வகை என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

உச்சரிப்பில் 'ஸ்பீல்' வேண்டாம். சொல்லின் தொடக்கத்து 'ஸ்ப' ஜெர்மனில் 'ஷ்ப' ஆகும். கூட்டுச்சொல்லின் நடுவில் வந்தாலும் அது மாறாது.