கெம்னிட்ஸில் இருக்கும் தம்பிக்கு

தம்பி, ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது என்கிறீர்கள். வாகனப் பொறியியலில் முதுகலை. இரண்டாவது செமஸ்டரிலேயே இந்தப் படிப்பு நமக்குச் சரிப்பட்டு வருமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. கடன் இருப்பதால் ஊருக்குத் திரும்பவும் முடியாது. காலையில் எழுந்திருக்கவே மனசு வரவில்லை, இங்கே சந்தோஷமாக இருக்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள் அண்ணா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே புளூ கார்டு என்கிற வேலை அனுமதி, காப்பீடு, முனிச்சா பெர்லினா, டிரைவிங் லைசென்ஸ் என்று ஒரு பட்டியல்.

பட்டியலை விட்டுவிடுகிறேன். அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காப்பீடு பற்றி மட்டும் ஒரு வார்த்தை: மாணவராக இருக்கும்வரை பொதுக் காப்பீட்டிலேயே இருங்கள். மாதாமாதம் கொஞ்சம் மிச்சமாகிறதே என்று தனியாருக்குத் தாவினால், படிப்பு முடியும்வரை திரும்பி வர விடமாட்டார்கள். சரி, அது போகட்டும். உங்கள் முதல் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் திருப்பூர்க்காரன். 2009 அக்டோபரில் லைப்சிக் வந்தேன். ஜெர்மனியின் பொருளாதாரம் அந்த ஒரே வருடத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தது. சீனியர்கள் முகத்தில் ஈயாடவில்லை. படிப்பு முடித்தவர்கள் ஊருக்கு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா பனியன் கம்பெனிகளுக்குத் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர், கடன் வாங்கித்தான் அனுப்பினார். எனக்கு எந்த வேலை பிடிக்கும், எங்கே இருக்கப்போகிறேன், எதுவும் தெரியாது. தெரியாது என்பதை வீட்டில் சொல்லவும் முடியாது. போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்ப்பா, சாப்பிட்டேன்" என்பதோடு சரி. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது. சனிக்கிழமை பால், காய் வாங்க மறந்தால் திங்கள்வரை வெறும் சோறும் ஊறுகாயும்தான். அந்த ஞாயிறுகள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை முதலில் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். எந்தத் துறை என்று முடிவாகட்டும், வேலை கிடைக்கட்டும், விசா வரட்டும், அப்புறம் வாழ ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். என்னோடு வந்தவர்களில் பலர் அப்படித்தான் இருந்தார்கள். முதலில் படிப்பு முடியட்டும் என்றார்கள், பிறகு பி.ஆர். என்கிற நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வரட்டும் என்றார்கள், பிறகு பாஸ்போர்ட், பிறகு வீட்டுக்கடன். பதினைந்து வருடம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குக் கூடினால் பேச்சு வரி வகுப்பு, வட்டி விகிதம், யார் என்ன கார் வாங்கினார் என்பதைத் தாண்டாது. நல்ல மனிதர்கள்தான், ஆத்திர அவசரத்துக்கு ஓடி வருவார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால், "ஜெர்மன்காரன் ஒட்டவே மாட்டான்" என்று அவர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். ஒட்டுகிற இடத்துக்கு என்றைக்காவது போயிருக்கிறார்களா? பத்து வருடம் இருந்தும் டாக்டரிடம் தன் வயிற்றுவலியைச் சொல்லும் அளவுக்கு மொழி பழகாமல் இருப்பது யார் தவறு?

ஈழத்தமிழர்களைப் பாருங்கள். 1983க்குப் பிறகு இங்கே வந்தவர்களில் நிறையப் பேருக்கு ஆரம்பத்தில் வேலை செய்யவே அனுமதி கிடையாது. கிடைத்த பிறகு உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவித் தொடங்கினார்கள். நாளைக்கு இங்கே இருக்க விடுவார்களா என்று தெரியாத நிலையிலேயே பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள். ஹம் நகரில் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பி 2002இல் குடமுழுக்கு நடத்தினார்கள். தேர்த் திருவிழாவுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். அவர்கள் நிலைக்கு முன்னால் நம்முடைய குழப்பம் எம்மாத்திரம் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாவது எச்சரிக்கை, இரவு வேலை. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்ற அனுமதி உங்களுக்கு இருக்கிறது. இரவு என்றால் மணிக்கூலியில் கூடுதல் காசு என்பதால் கிடங்குகளில் பெட்டி தூக்க நம் பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். நானும் ஊருக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்த்தவன்தான். குளிர்காலத்தில் இரவெல்லாம் வேலை செய்து பகலில் தூங்கினால் வாரக்கணக்கில் சூரியனையே பார்க்க மாட்டீர்கள். அந்த நிலையில் மனசு சொல்லும் எதையும் நம்பாதீர்கள். படிப்பு பிடிக்கவில்லை என்று தோன்றுவது படிப்பால் வந்ததா, தூக்கமில்லாமல் வந்ததா என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. காசு தேவைதான், தெரியும். பகல் வேலையாகத் தேடுங்கள். பேக்கரி, உணவகம், பல்கலையிலேயே உதவியாளர் வேலை, எதுவானாலும் மனிதர்களோடு பேச வேண்டி வருகிற வேலை. மொழி அங்கேதான் வரும்.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் சரியில்லை என்றால் அதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஊர் ஸ்டூடன்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பில் மாணவர்களுக்கென்று மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். போய்ப் பேசுங்கள். வீட்டுக்குத் தெரியாது, விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இனி, எனக்கு எப்படி வழி கிடைத்தது என்பது. 2013இல் படிப்பு முடிந்து வேலை தேடும் அனுமதியில் இருந்தேன். விண்ணப்பம் போடுவது, நிராகரிப்பு வருவது, இதுதான் தினசரி. அப்போது சூப்பர் மார்க்கெட் அறிவிப்புப் பலகையில், மாதத்தில் சில சனிக்கிழமைகளில் ரிப்பேர் கஃபே நடக்கிறது என்று ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு பத்திரிகையாளர் ஆரம்பித்த யோசனை, அந்தச் சமயத்தில்தான் ஜெர்மனியில் பரவிக்கொண்டிருந்தது. உடைந்த பொருளைக் கொண்டு வரலாம், தெரிந்தவர்கள் காசு வாங்காமல் சரிசெய்ய உதவுவார்கள், காப்பியும் கேக்கும் உண்டு. அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு இது தேவலை என்றுதான் போனேன்.

ஒரு பாட்டி தையல் மெஷினோடு வந்திருந்தார். வெரிட்டாஸ். விட்டன்பெர்கே என்ற ஊரில் சிங்கர் கம்பெனி நூறு வருடங்களுக்கு முன்பு கட்டிய ஆலையில், கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் செய்தது. அந்த ஆலை 1991 முடிவில் மூடப்பட்டுவிட்டது. மெஷினின் கைச்சக்கரம் அசையவில்லை. ரேடியோ பார்க்கிறவர், சைக்கிள் பார்க்கிறவர் எல்லாம் இருந்தார்கள், தையல் மெஷினைத் தொட யாருமில்லை. நான் தொட்டேன்.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. பழைய எண்ணெய் பிசினாக இறுகி உள்ளே எல்லாவற்றையும் பிடித்துவைத்திருந்தது. அப்பா மண்ணெண்ணெய் விடுவார். இங்கே விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் கிடைத்தது. ஊசித்தண்டில், ஷட்டில் அடியில், அச்சு சுழலும் இடங்களில் சொட்டுச் சொட்டாக விட்டு, தலைமுடி உலர்த்தும் டிரையரால் அந்த இரும்பு உடம்பைச் சூடாக்கினேன். சக்கரத்தைப் பலம் கொண்டு திருப்பக் கூடாது. கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பல் தட்டுக்கு அடியில் பஞ்சு கெட்டியாக அடைத்திருந்தது, ஊசி முனையால் கிளறி எடுத்தேன். கடைசியில் சக்கரம் ஒரு முழுச் சுற்று வந்தது. அடிநூல் உருளை இருக்கும் பாபின் கேஸை நூலில் தொங்கவிட்டு ஒரு சுண்டு சுண்டினேன். கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும், நின்றது. பழந்துணி ஒன்றில் தைத்துக் காட்டியதும் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். இந்த ஊருக்கு வந்து நான் பிரயோஜனமானவன் என்று உணர்ந்த முதல் சாயங்காலம் அது.

என்ன வேலை பார்க்கிறாய் என்று பாட்டி கேட்டார். வேலை இல்லை, என்ன செய்யப்போகிறேன் என்றும் தெரியவில்லை என்றேன். அப்பாவிடம் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் லைப்சிக் பிளாக்விட்ஸ் பகுதியின் பெரிய பருத்தி நூற்பாலையில் வேலை பார்த்தவர். 1884இல் தொடங்கிய ஆலை. இப்போது உள்ளே ஓவியர்களின் கூடங்கள் இருக்கின்றன, போனால் பார்க்கலாம். பெர்லின் சுவர் இடிந்து நாடு ஒன்றானபோது ஆலை போயிற்று, அவர் வேலையும் போயிற்று. நாற்பது வயதுக்கு மேல் முதியோர் பராமரிப்பு படித்து அந்த வேலைக்குப் போனார். "அந்த வருஷங்களில் எங்கள் தெருவில் அடுத்து என்ன என்று யாருக்குமே தெரியாது. ஆனால் வியாழக்கிழமை பாட்டுக் குழுவுக்குப் போவதை மட்டும் நான் விடவில்லை" என்றார். அழுதுகொண்டே பாடப் போன வியாழக்கிழமைகளும் உண்டாம்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சனிக்கிழமை ரிப்பேர். செவ்வாய்க்கிழமை ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலே மாலைப் பள்ளியில் ஜெர்மன் வகுப்பு. வேறு எது நடந்தாலும் நடக்காவிட்டாலும் இந்த இரண்டும் நடக்கும். அதே இடம், அதே முகங்கள். இந்த மக்கள் முதல் நாளில் தோளில் கை போடமாட்டார்கள். ஆனால் தொடர்ந்து வருகிறவனைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். சில மாதம் கழித்து உங்கள் கப்பில் பால் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். வீட்டுக்கு வெளியே நம்மைத் தேட ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

வழியும் அங்கேயே வந்தது. என் கை வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், அட்டைப்பெட்டி செய்யும் இயந்திரங்களைப் பராமரிக்க ஆள் தேடுகிறார்கள் என்று சொல்லி அனுப்பினார். இன்றுவரை அந்தத் துறைதான். நம் இரண்டு ஊரும் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போகிறேன். அவர்கள் கொச்சை எனக்குப் புரியும், என் ஜெர்மன் கேட்டு நீ லைப்சிக்கில்தான் வளர்ந்தாயா என்று கேட்டவர்கள் உண்டு. எம்.எஸ். படித்துவிட்டு மெக்கானிக் வேலையா என்று ஊரில் மாமா கேட்டார். அப்பா மட்டும் மெஷினைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். எந்த எண்ணெய் விடுகிறீர்கள் என்று கேட்டார்.

உங்கள் ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெம்னிட்ஸ் என்றாலே நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஏழு மீட்டர் கார்ல் மார்க்ஸ் தலைச்சிலையோடு ஒரு செல்ஃபி, அப்புறம் முனிச்சுக்கு எப்போது போகலாம் என்ற ஏக்கம். கோவையைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று சொல்வோமே, கெம்னிட்ஸைச் சாக்சனியின் மான்செஸ்டர் என்றுதான் சொல்வார்கள். அங்கே நூற்பு இயந்திரமும் தறியும் செய்து உலகத்துக்கு விற்றார்கள். பழைய வார்ப்பட ஆலைக் கட்டடத்தில் தொழில் அருங்காட்சியகம் இருக்கிறது. இயந்திரம் படிக்கிற பையன் நீங்கள், போய்விட்டு வந்து அதற்குப் பிறகும் இந்தத் துறை பிடிக்கவில்லையா என்று சொல்லுங்கள். 2025இல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகராக இருந்த ஊர் அது, அதற்காக உழைத்த சங்கங்களும் தன்னார்வலர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், ஆள் தேவைப்படும். டிசம்பரில் ஜன்னலுக்கு ஜன்னல் வளைவாக மெழுகுவர்த்தி விளக்கு வைப்பார்கள், பக்கத்து மலைச் சுரங்கத் தொழிலாளர்களின் வழக்கம். கார்த்திகை மாதத்தில் அதைப் பார்த்துக்கொண்டு தெருவில் நடந்தாலே போதும் எனக்கு.

படிப்பை மாற்றுவதா என்பதை இந்தக் குளிர்காலத்திலேயே முடிவு செய்யாதீர்கள். மாற்றத்தான் வேண்டுமென்றால் முதலில் பல்கலை ஆலோசகரிடமும் வெளிநாட்டவர் அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். கோபத்தில் பதிவை ரத்து செய்துவிடாதீர்கள், இங்கே தங்கும் உங்கள் அனுமதி அதை நம்பித்தான் இருக்கிறது. ஊர் ஏஜெண்டிடம் மறுபடி காசு கொடுத்து யோசனை கேட்காதீர்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லைப்சிக் வாருங்கள், ரயிலில் சுமார் ஒரு மணி நேரம்தான். அந்த மாதம் இங்கே நகரத்துக்கு நடுவில் இருக்கும் ஆற்றங்கரைக் காடு முழுக்கப் பூண்டு வாசனை அடிக்கும். பேர்லாவ்ஹ் என்ற காட்டுப்பூண்டு இலை, தரையே தெரியாமல் முளைத்திருக்கும். உளுந்து, மிளகாய் வறுத்து, புளி வைத்து அரைத்தால் துவையல் அற்புதமாக இருக்கும். ஆனால் தனியாகப் பறிக்கப் போகாதீர்கள். மைக்ளோக்ஷன் என்று அதே போன்ற இலையுள்ள நச்சுச் செடியும் இருக்கிறது. கசக்கி முகர்ந்து பார்க்கலாம் என்றால், நாலு இலை பறித்த பிறகு கையே பூண்டு மணக்கும், வித்தியாசம் தெரியாது. காட்டுப்பூண்டில் ஒவ்வொரு இலைக்கும் தனிக் காம்பு தரையிலிருந்து வரும், மற்றதில் ஒரே தண்டிலிருந்து இலைகள் பிரியும். நேரில் காட்டுகிறேன். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.