ஒரே ஒரு கிண்ணத்துடன் அமெரிக்கா இரண்டாம் இடம் பெற்றது எப்படி?

2018–19 உலக எழுவர் றக்பி தொடரில் ஒரேயொரு சுற்றை வென்ற அமெரிக்கா, தலா இரண்டு சுற்றுகளை வென்ற நியூசிலாந்தையும் தென்னாபிரிக்காவையும் முந்தியது எப்படி என்று வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருந்தீர்கள். 10 சுற்றுகளிலும் முதலிடத்துக்கு 22, இரண்டாமிடத்துக்கு 19, மூன்றாமிடத்துக்கு 17 எனப் புள்ளிகள் சேர்ந்ததால், இறுதியாட்டத்தில் தோற்ற அணி இழந்தது மூன்றே புள்ளிகள்தான். அமெரிக்கா டுபாய் முதல் சிட்னி வரை நான்கு இறுதியாட்டங்களில் தொடர்ந்து தோற்று, ஐந்தாவதாக லாஸ் வேகாஸில் சமோவாவை வென்றது. கொழும்பு குதிரைப்பந்தயத் திடலில், ஏழு நிமிடப் பாதி முடிந்ததும் வீரர்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நிற்பதைப் பார்த்தவன் என்ற வகையில், அந்த ஐந்து இறுதியாட்டங்களைப் பெருஞ்சாதனையாகவே கருதுகிறேன். ஐந்து சுற்றுகளை வென்ற பீஜி, பரிஸில் நடந்த கடைசிச் சுற்றில்தான் சாம்பியன் பட்டத்தை உறுதிசெய்தது. முதல் நான்கு அணிகளும் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்றன.