வாடகைக்கு வருபவரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

சென்னையில் முதன்முறையாக வீட்டை வாடகைக்கு விடுகிறேன், வருபவர் ஒழுங்கான ஆளா என்று சட்டத்தை மீறாமல் எப்படி விசாரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மா வீட்டின் மாடிப் போர்ஷனைப் பல வருடமாக நான்தான் வாடகைக்கு விட்டுக்கொண்டிருக்கிறேன், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

புரோக்கர் போனில் முதலில் கேட்பது, வெஜ்ஜா நான்வெஜ்ஜா, ஃபேமிலியா பேச்சிலரா, அப்புறம் குரலைத் தாழ்த்தி "நீங்க என்ன ஆளுங்க?". இதில் எதற்குப் பதில் கிடைத்தாலும் ஐந்தாம் தேதி வாடகை வருமா என்பது தெரியப்போவதில்லை. என் வீட்டுக்கு யாரை அனுப்பினாலும் இதையெல்லாம் கேட்காதீர்கள் என்று புரோக்கரிடம் முன்பே சொல்லிவிடுவேன். திருநங்கை, திருநம்பி என்பதற்காக வீடு தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டமும், எச்ஐவி இருப்பதற்காக மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் நேரடியாகவே தடை செய்கின்றன. பலருக்கு இது தெரியாது.

கேட்க வேண்டியது பணத்தைப் பற்றியும் பழைய வீட்டைப் பற்றியும்தான். சம்பளச் சீட்டை விட, கடைசி ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டில் வாடகை போன வரிகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள், மற்றதை அவர் மறைத்துக்கொள்ளட்டும். மாதாமாதம் ஏறக்குறைய ஒரே தேதியில் போயிருந்தால் அதைவிட நல்ல சான்று கிடையாது. வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று காட்டும் சிபில் ஸ்கோர் வேண்டுமென்றால் அவரையே எடுத்துத் தரச் சொல்லலாம், வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகவே கிடைக்கும்.

இப்போது குடியிருக்கும் வீட்டு ஓனரிடம் விசாரிப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆளை எப்படியாவது கிளப்பினால் போதும் என்று இருப்பவர் தங்கமான பையன் என்றுதான் சொல்வார். அதனால் அதற்கு முந்தைய வீட்டு ஓனரின் நம்பரை வாங்குங்கள், அவருக்கு இனி லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஆள் எப்படி என்று கேட்டால் "நல்லவங்கதான்" என்பார்கள். நான் "மறுபடி வந்து கேட்டால் வீடு கொடுப்பீர்களா?" என்று கேட்பேன். ஒருமுறை ஒரு மாமி, "கொடுப்பேன், ஆனா மோட்டார் சுவிட்ச் அவங்க கையில இருக்கக் கூடாது" என்றார். அந்தக் குடும்பத்துக்கே வீட்டைக் கொடுத்தேன், சுவிட்ச் மட்டும் கீழே அம்மாவிடம்.

ஆதாருக்கு, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த பிரதி போதும். ஜெராக்ஸை நம்பாமல், அதிலுள்ள கியூஆர் கோடை ஆதாரின் அதிகாரப்பூர்வச் செயலியில் ஸ்கேன் செய்து பெயரும் படமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் செய்யப்போவதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அட்வான்ஸ் பத்து மாதம் வாங்கினால் நல்ல ஆள்தான் வருவான் என்று பழைய ஓனர்கள் சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதினாலொழிய மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். அக்ரிமென்ட் எழுத்தில் இருக்க வேண்டும், பதினோரு மாதம்தானே என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். இதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவேன். "அதெல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதானே" என்று இழுப்பவர்கள் பெரும்பாலும் அடுத்த போன் செய்வதில்லை. டோக்கன் அட்வான்ஸ் வாங்கிவிட்டோமே என்று கையெழுத்துக்கு முன்னால் சாவியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.