அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது?

கேள்வி: 4 வருடம் குடியிருந்த வீட்டைக் காலி செய்து 6 வாரம் ஆகிறது. பெயிண்ட் மங்கிவிட்டது, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷ்பேசினில் விரிசல் என்று சொல்லி ஓனர் அட்வான்ஸில் பாதியைத்தான் தருவேன் என்கிறார். பில் கேட்டால் காட்டுவதில்லை. விரிசல் மட்டும் எங்களால் வந்ததுதான்.

பதில்: விரிசலுக்கு மட்டும் பணம் கொடுங்கள். மனிதர்கள் 4 வருடம் வாழ்ந்த வீட்டில் சுவர் மங்கும், குழாய் வாஷர் தேயும், அந்தத் தேய்மானத்துக்கும் சேர்த்துத்தான் மாதா மாதம் வாடகை வாங்கியிருக்கிறார். காலி செய்யும்போது பெயிண்ட் அடித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு, அதனால் இன்றே அதை எடுத்துப் படித்துவிடுங்கள்.

விரிசலுக்கும் புது வாஷ்பேசினின் முழு விலையைக் கேட்பது நியாயமில்லை. அது 10 வருடம் உழைக்கும், நீங்கள் குடிவந்தபோதே அதற்கு 4 வயது என்று வைத்துக்கொள்வோம், இப்போது 8 வருடம் கழிந்துவிட்டது, மிச்சமிருப்பது 2 வருடம், ஆக விலையில் ஐந்தில் ஒரு பங்குதான் உங்கள் கணக்கில் வரும். பொருளின் வயதைக் கழித்துப் பார்க்கும் இந்த முறையை நிறைய இடங்களில் வாடகைத் தகராறு விசாரிப்பவர்களும் பின்பற்றுகிறார்கள்.

இனி போனில் சண்டை வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எதற்கு எவ்வளவு பிடித்தம், பில் எங்கே என்று கேட்டு, 14 நாள் கெடு வைத்து ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். விரிசலை நீங்களே அதில் ஒப்புக்கொள்ளுங்கள், நாளைக்கு மூன்றாவது ஆள் படிக்கும்போது உங்கள் மற்ற வார்த்தைகளுக்கும் மதிப்பு கூடும். குடிவந்த அன்று படம் எடுக்கவில்லையா? பிறந்தநாள் படங்களைத் தேடுங்கள், பின்னால் அந்தச் சுவர் தெரியும். குழாய் ஒழுகுகிறது என்று எப்போதோ ஓனருக்கு அனுப்பிய மெசேஜ் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

அவர் பாதிப் பணத்தை அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் 'இது ஒரு பகுதிதான், பாக்கி இன்னும் வர வேண்டும்' என்று உடனே பதில் எழுதிவிடுங்கள். 'கணக்கு முழுதும் தீர்ந்தது' என்ற தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள், பலர் பணத்தை இழப்பது அந்த இடத்தில்தான். கெடு தாண்டியும் பதில் இல்லையென்றால் சமரச மையம், அப்புறம் உங்கள் பகுதியில் வாடகை வழக்கு கேட்கும் அமைப்பு. புகார் கொடுக்கக் கால வரம்பு இருக்கும், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அடுத்த மாதம் காலி செய்கிறேன். ஓனர் அட்வான்ஸைத் தர மாட்டாரோ என்று பயம். கடைசி மாத வாடகையைக் கொடுக்காமல் அதில் கழித்துக்கொள்ளச் சொல்லலாமா?

பதில்: அவர் எழுத்தில் சம்மதித்தால் சரி. இல்லாவிட்டால் வாடகை பாக்கி வைத்தவர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். வாடகையைக் கட்டிவிட்டு, சாவி கொடுக்கும் நாளில் ஓனரோடு அறை அறையாகச் சுற்றி வாருங்கள். மின் மீட்டர் அளவையும் படம் எடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்குங்கள்.