சந்தா கட்டாதவருக்காகவும் சங்கம் பேச வேண்டுமா?
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அங்கே ‘ரைட் டு வொர்க்’ சட்டம் இருப்பதால் சங்கத்துக்குச் சந்தா கொடுக்க வேண்டியதில்லை என்கிறாள். வேலூரில் அவளுடன் படித்த தோழி கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அவளுடைய சம்பளத்திலோ மாதந்தோறும் சந்தா பிடிக்கிறார்கள். ஒரே நாட்டில் இரண்டு விதமான நடைமுறை எப்படி இருக்க முடியும்?
– ஒரு வாசகர், காட்பாடி

பதில்: இதன் வேர் 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டத்தில் இருக்கிறது. பெரும்பான்மைத் தொழிலாளர்கள் எந்தச் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கிறார்களோ, அந்த ஒரு சங்கமே அங்குள்ள அனைவருக்காகவும் நிர்வாகத்துடன் பேசும் என்று அச்சட்டம் வகுத்தது. அனைவருக்காகவும் பேசுகிற செலவை அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று சங்கங்கள் கேட்டன. பல நிர்வாகங்கள் அதை ஒப்பந்தத்தில் எழுதியும் கொடுத்தன. 1947இல் வந்த டாஃப்ட்–ஹார்ட்லி சட்டம், சங்க உறுப்பினரை மட்டுமே வேலைக்கு எடுக்கும் முறையை நாடு முழுவதும் தடை செய்தது. அதோடு, சந்தாவைக் கட்டாயமாக்கும் ஒப்பந்தங்களைத் தடை செய்யும் அதிகாரத்தை 14(பி) பிரிவின் மூலம் மாநிலங்களுக்கு விட்டது. டெக்சாஸ் அதே ஆண்டில் தடை செய்தது; கலிஃபோர்னியா செய்யவில்லை. இத்தடையைத்தான் ‘ரைட் டு வொர்க்’ (வேலை செய்யும் உரிமை) சட்டம் என்கிறார்கள். இன்று 26 மாநிலங்களில் அது நடப்பில் உள்ளது. 2012இல் இதைக் கொண்டுவந்த மிச்சிகன் மாநிலம் 2023இல் அதை ரத்து செய்தது.

தங்கள் மகளின் தோழியைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. கலிஃபோர்னியாவிலும் தனியார் மருத்துவமனைச் செவிலியரை முழு உறுப்பினராகும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உறுப்பினராக விரும்பாதவர், பேச்சுவார்த்தைக்கும் புகார்களை நடத்துவதற்கும் ஆகும் செலவின் பங்கை மட்டும் கொடுத்தால் போதும், சங்கத்தின் அரசியல் செலவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று 1988இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அரசு மருத்துவமனையில் இருந்தால் அந்தப் பங்கும் கட்டாயமில்லை. 2018இல் வந்த ஜேனஸ் வழக்கின் தீர்ப்பு, எல்லா மாநிலங்களிலும் அரசு ஊழியர்களுக்கு அந்த விலக்கை அளித்துவிட்டது.

‘ரைட் டு வொர்க்’ என்று பெயர் இருந்தாலும் இச்சட்டம் எவருக்கும் வேலை தருவதுமில்லை, சங்கம் அமைப்பதைத் தடுப்பதுமில்லை. இத்தகைய சட்டம் உள்ள டென்னசி மாநிலத்தின் சட்டனூகா நகரில், ஃபோக்ஸ்வேகன் கார் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 2014இலும் 2019இலும் சங்கம் வேண்டாம் என்று வாக்களித்துவிட்டு, 2024 ஏப்ரலில் பெரும்பான்மையாக வேண்டும் என்று வாக்களித்தார்கள்.

கேள்வி: சந்தா கொடுக்காதவருக்காகச் சங்கம் ஏன் பேச வேண்டும்? ‘உனக்காகப் பேச மாட்டோம்’ என்று விட்டுவிடலாமே? இச்சட்டத்தால் சம்பளம் குறையும் என்பது உண்மையா?
– கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: அமெரிக்கச் சங்கங்கள் அப்படி விட்டுவிட முடியாது. அதற்கு 1944இல் ஒரு வழக்கு காரணமாயிற்று. அலபாமாவில் ரயில் இஞ்சின்களில் வேலை செய்த கறுப்பினத் தொழிலாளர்களை உறுப்பினராகச் சேர்க்க மறுத்த சங்கம், அவர்களுக்கும் சேர்த்துப் பேசும் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டே அவர்களை வேலையிலிருந்து ஒதுக்கும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது. எல்லோருக்காகவும் பேசும் அதிகாரம் பெற்ற சங்கம் எல்லோரையும் நியாயமாக நடத்தியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நம் தோல் தொழிலில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர்கள் யார், கணக்கு எழுதும் இடத்தில் இருந்தவர்கள் யார் என்பதை அறிந்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் அருமை புரியும். ஆகவே அந்தக் கடமையைக் கைவிடச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். கடமையை முழுமையாக வைத்துக்கொண்டு, அதற்கான பணத்தை மட்டும் விருப்பத்துக்கு விடுவதுதான் என் கண்ணில் இச்சட்டத்தின் பெரிய குறை.

சம்பளத்தைப் பொறுத்தவரை கவனமாகப் பேச வேண்டும். இச்சட்டம் உள்ள மாநிலங்களில் சராசரிச் சம்பளம் குறைவுதான். ஆனால் அவற்றில் பல, முன்பே ஏழ்மையான விவசாய மாநிலங்கள், வாழ்க்கைச் செலவும் குறைவான இடங்கள். அந்த வேறுபாடுகளைக் கழித்துக் கணக்கிட்டும் சுமார் 3 சதவீதம் குறைவு என்று, தொழிலாளர் பக்கம் சாய்வுள்ள எகனாமிக் பாலிசி இன்ஸ்டிடியூட் 2015இல் சொன்னது. அதை மறுக்கும் பொருளாதார அறிஞர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கத் தொழிலாளர்களில் சங்க உறுப்பினர்கள் 1983இல் 20.1 சதவீதமாக இருந்து 2024இல் 9.9 சதவீதமாகக் குறைந்ததற்கும் இச்சட்டத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. இச்சட்டம் இல்லாத மாநிலங்களிலும் குறைந்திருக்கிறது. எனினும் வாக்காளர்களிடமே கேட்டபோது கிடைத்த ஒரு பதில் தெளிவானது: 2018இல் மிசௌரி மாநிலத்தில் இச்சட்டத்தைப் பொது வாக்கெடுப்புக்கு விட்டார்கள், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நிராகரித்தார்கள்.

ஆதரிப்போரின் வாதத்திலும் ஒரு நியாயம் உண்டு. மனம் ஒப்பாத அமைப்புக்குப் பணம் கொடுக்கச் சொல்வது தனி மனிதச் சுதந்திரத்தைத் தொடுகிற விஷயம்தான். உறுப்பினரிடம் நேரில் போய்ச் சந்தா கேட்க வேண்டியிருக்கும் சங்கம் விழிப்போடு இருக்கும் என்பதும் மெய்தான்.

கேள்வி: நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். எங்களில் சிலர் மட்டுமே சங்கத்தில் இருக்கிறோம். சம்பள உயர்வும் போனஸும் பேசி வாங்கினால் சந்தா கட்டாதவர்களுக்கும் அதே தொகை கிடைக்கிறது. அவர்களும் கட்ட வேண்டும் என்று விதி செய்ய முடியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடியாது, சகோதரி. அமெரிக்காவில் சில மாநிலங்கள் சண்டையிட்டுக் கொண்டுவந்த நிலை நம் நாட்டில் நெடுங்காலமாகவே இருக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(சி) பிரிவு தருகிறது. ஆனால் சேரும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவதைத் தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை முறையற்ற தொழில் நடவடிக்கை என்று குறித்தது. அதே அட்டவணை, சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தொழிலாளியைப் பழிவாங்கும் நிர்வாகத்தையும் அதே குற்றத்தில் வைத்தது. சம்பளத்தில் சந்தா பிடிப்பதானால் அந்தத் தொழிலாளி எழுத்துமூலம் சம்மதம் கொடுத்திருக்க வேண்டும்.

உங்கள் ஒப்பந்தம் எந்த வகை என்பதைச் சங்க நிர்வாகிகளிடம் கேளுங்கள். சங்கத்தார் முந்தைய தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து ‘பன்னிரண்டு மூன்று’ என்று சொல்வது, தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் கையெழுத்தாகும் ஒப்பந்தம். அது உறுப்பினர் அல்லாதோரையும், பின்னாளில் வேலைக்குச் சேர்வோரையும் கட்டுப்படுத்தும். ‘பதினெட்டு ஒன்று’ என்பது நிர்வாகமும் சங்கமும் நேரடியாகச் செய்துகொள்வது. சட்டப்படி கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும் கட்டுப்படுத்தும். பிந்தையதில், வெளியே நிற்பவருக்குக் கிடைக்கும் உயர்வு நிர்வாகத்தின் விருப்பத்தால் கிடைப்பது. நிர்வாகம் கொடுக்க மறுத்தால் அவர் அந்த ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்பது கடினம்.

சந்தா கட்டாத தோழிகளிடம் இதைச் சொல்லுங்கள். அதைவிட அவர்கள் மனத்தில் பதிவது டார்கெட் விஷயமாக இருக்கலாம். சம்பள உயர்வு ஒப்பந்தம் முடிந்த அடுத்த மாதமே சூப்பர்வைசர் பலகையில் இருந்த மணிக்கணக்கு ஜோடி எண்ணிக்கையை அழித்துவிட்டு அதைவிடக் கூடுதலாக எழுதினால், கொடுத்த உயர்வு வேறு வழியாகத் திரும்பிப் போய்விடுகிறது. அந்தப் பலகையின் முன்னால் தனி ஒருத்தியாக நின்று கேட்டால் அவளை வேறு லைனுக்கு மாற்றிவிடுவார்கள். லைன் முழுவதும் உறுப்பினராக இருந்து, டார்கெட்டை மாற்றுமுன் சங்கத்துடன் பேச வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்திலும் இருந்தால், கேட்பதற்கு ஒரு காகிதம் கையில் இருக்கும். அரியர் தொகை வரும்போது சங்கத்துக்கு ஒரு தொகை தரும்படி உறுப்பினர் அல்லாதோரிடமும் கேட்கலாம். சம்மதக் கடிதம் வாங்காமல் பிடிக்கச் சொல்லக் கூடாது.

கேள்வி: என் தாயார் வீட்டிலேயே பீடி சுற்றுகிறார். தொழிற்சாலையே இல்லாதவருக்குச் சங்கம் எதற்கு?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: வீட்டில் சுற்றுபவரையும் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் தொழிலாளியாகவே ஏற்றது. இலை குறைவாகக் கொடுத்தல், சுற்றிய பீடியைச் சரியில்லை என்று ஒதுக்குதல், அப்படி ஒதுக்கிய பீடிக்கான கூலி ஆகிய தகராறுகளை அரசு நியமித்த அதிகாரியிடம் கொண்டுபோக அச்சட்டத்தின் 39ஆம் பிரிவு வழி செய்தது. ஏஜெண்டைப் பகைத்துக்கொண்டு தனியாகப் புகார் கொடுக்கும் துணிவு பல தாய்மார்களுக்கு இருப்பதில்லை. சங்கத்தின் பெயரில் போனால் பெயர் தனியே நிற்காது.

கேள்வி: புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 51 சதவீதம் உள்ள சங்கத்துடன் மட்டும் பேசினால் போதும் என்கிறார்களே, இது நல்லதா?
– சிப்காட் தொழிலாளி, ராணிப்பேட்டை

பதில்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, பல சங்கங்கள் உள்ள இடத்தில், வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 சதவீதத்தினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேசும் சங்கம். அப்படி எந்தச் சங்கமும் இல்லையென்றால், 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்ட குழு பேசும். கட்சிக்கு ஒன்றாகப் பிரிந்து நின்று, நிர்வாகம் தனக்கு வசதியான ஒரு சங்கத்தோடு கையெழுத்திடுவதைப் பார்த்துச் சலித்த ஊர் நம்முடையது. அந்த வகையில் இதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் கணக்கு எந்தப் பதிவேட்டில் எடுக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். பக்கத்து மெஷினில் அதே வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியின் பெயர் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் 51 சதவீதத்தில் அவர் வருவதில்லை. நிரந்தரத் தொழிலாளர்கள் ஓய்வுபெற ஓய்வுபெற அந்த இடங்களுக்கு ஒப்பந்த ஆட்களே வந்தால், சங்கம் நூறு சதவீத ஆதரவோடும் ஒரு சிறு கூட்டத்துக்காக மட்டுமே பேசும் நிலை வரும். அடுத்த கோரிக்கைப் பட்டியலை எழுதும்போது, ஓய்வுபெறுபவரின் இடத்தை நிரந்தரப் பணியாகவே நிரப்ப வேண்டும் என்பதைச் சம்பள உயர்வுக்கும் முன்னால் முதல் கோரிக்கையாக வைக்கும்படி உங்கள் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.