கேளுங்கள், சொல்கிறேன்: பாய்ப்படகில் 17 நாள்

போன இதழில், இந்தியப் பெருங்கடலில் கொக்கோஸ் தீவிலிருந்து ரோட்ரிக்ஸ் தீவுக்கு ஒரு சின்னப் பாய்ப்படகில் நான் போன பயணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்காக இரண்டு வரி: படகு 36 அடி நீளம், தூரம் ஏறத்தாழ 2,000 கடல் மைல், மாதம் ஆகஸ்ட். படகுக்காரர், அவர் மனைவி, முட்டத்துக்காரனான நான் என்று மூன்றே பேர். வந்த கடிதங்களில் அதிகம் பேர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சுற்றிலும் தண்ணீர்தான். 17 நாளும் என்னதான் செய்தீர்கள்? போர் அடிக்கவில்லையா?
*கல்லூரி மாணவர், நாகர்கோவில்*

தம்பி, போர் அடிக்க நேரமே கிடைக்கவில்லை என்பதுதான் உண்மை. சின்னப் படகில் நீண்ட பயணம் என்றால் முதல் வேலை உறங்குவது. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் மற்ற எல்லாமே அதை வைத்துத்தான் ஓடும்.

மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு, இதுதான் எங்கள் முறை. 24-ஐ 9 மீதியில்லாமல் வகுக்காது இல்லையா, அதனால் ஒவ்வொரு நாளும் என் காவல் வேறு நேரத்துக்கு நகர்ந்துவிடும். இன்று நடு இரவு 12 முதல் 3 வரை எனக்கு வந்தால், அந்த நேரம் திரும்ப என்னிடம் வர மூன்று நாள் ஆகும். யார் தலையிலும் கெட்ட நேரம் நிரந்தரமாக விழாது. ஓய்வு ஆறு மணி நேரம் என்றாலும் அதற்குள் சமையல், பாத்திரம், ரிப்பேர், துணி மாற்றுவது எல்லாம் போக நாலு மணி நேரம் கண்ணை மூடினால் பெரிது. அந்த நாலு மணியும் உடம்பு படுக்கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருளாமல் இருக்க, பக்கவாட்டில் ஒரு கான்வாஸ் துணியை மறைப்பாகக் கட்டி, இடுப்புக்கு ஒரு தலையணையை அடைகொடுத்துப் படுக்க வேண்டும்.

காவலில் என்ன வேலை என்று கேட்பாய். கப்பல் பார்ப்பதுதான். தொடுவானத்தில் விளக்கு தெரிந்த சரக்குக் கப்பல் அரை மணி நேரத்துக்குள் நம் தலைமேல் வந்து நிற்கும். அவ்வளவு பெரிய கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கிறவருக்கு நம் விளக்கு கண்ணில் படும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் சமையலறை டைமர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று முழுச் சுற்றும் பார்ப்போம். திசைகாட்டியைப் பார்ப்பது, பாயைத் தடவிப் பார்ப்பது, மணிக்கொரு முறை நோட்டில் இடம் குறிப்பது. அவ்வளவுதான்.

எழுப்புகிற விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்தவரின் முறைக்குப் பத்து நிமிஷம் முன்னால் போய்ப் பாதத்தைத் தொட்டு எழுப்புவோம். தோளை உலுக்கக் கூடாது, பெயர் சொல்லிக் கத்தவும் கூடாது, அப்படி எழுப்பினால் ஏதோ ஆபத்து என்று பொருள். ஃபிளாஸ்கில் சூடாக ஏதாவது இருக்க வேண்டும். நான் வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி வைப்பேன், நாலாம் நாளிலிருந்து படகுக்காரரின் மனைவியான அந்த அம்மாவும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். நம் முறை முடிந்தபிறகு அடுத்தவர் ஐந்து நிமிஷம் பிந்தி வந்தால் மனசுக்குள் ஏறுகிற கோபம் கரையில் உள்ளவர்களுக்குப் புரியாது. 17 நாளில் ஒருவர்கூட ஒரு நிமிஷம் பிந்தவில்லை. எங்களுக்குள் சண்டை வராமல் போனதற்கு வேறு காரணம் நான் தேடவே இல்லை.

சாப்பாடு, தண்ணீர், குளியல் எல்லாம் எப்படி? விவரமாக எழுதவும்.
*குடும்பத் தலைவி, மார்த்தாண்டம்*

விவரமாகவே சொல்கிறேன் அம்மா. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று கணக்கு. மூன்று பேருக்கு 17 நாளில் 153 லிட்டர்தான் வரும், ஆனால் பாய்மரம் ஒடிந்தாலோ காற்று நின்றாலோ என்ன செய்வது என்று ஒரு மாதத்துக்குத் தேவையான தண்ணீரை ஏற்றியிருந்தோம். அதையும் ஒரே தொட்டியில் வைக்கவில்லை. ஒன்றில் உப்புத் தண்ணீர் கசிந்துவிட்டாலும் மற்றது இருக்கும்.

மற்ற எல்லாவற்றுக்கும் கடல்நீர். பாத்திரம் கழுவ, காய் அலச, உருளைக்கிழங்கு அவிக்க. சோறு வடிக்கக் கடல்நீர் ஒரு பங்கு, நல்ல தண்ணீர் மூன்று பங்கு. தனியாக உப்புப் போட வேண்டாம். அதற்குமேல் கடல்நீர் ஊற்றினால் வாயில் வைக்க முடியாது. அடுப்பு இரண்டு முளையில் ஊஞ்சல் மாதிரித் தொங்கும், படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது நேராக நிற்கும். சமைக்கிறவர் இடுப்பில் ஒரு வார் கட்டிக்கொள்ள வேண்டும். குழம்பு வைக்கக்கூட நாங்கள் பிரஷர் குக்கரைத்தான் எடுத்தோம், மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் கொதிக்கிற குழம்பு காலில் கொட்டாது.

ஃபிரிட்ஜ் கிடையாது. வெங்காயம், உருளை, பூசணி, முட்டைக்கோஸ் கடைசி வரை தாங்கின. முட்டை, கழுவாததாகப் பார்த்து வாங்கி, தேங்காய் எண்ணெய் தடவி வைத்தோம், ஒன்றுகூடக் கெடவில்லை. வாழைக்குலை மட்டும் ஏமாற்றிவிடும். ஐந்து நாள் பச்சையாகவே தொங்கும், ஆறாம் நாள் அத்தனை காயும் ஒன்றாகப் பழுத்து, மூன்று வேளையும் பழம்தான். ஏத்தன்காய் வற்றலும் மாங்காய் ஊறுகாயும் நான் கொண்டுபோனவை. காலையில் வெளிச்சம் வந்ததும் மேல்தளத்தில் ஒரு சுற்றுப் போனால் ராத்திரியில் பறந்து விழுந்த பறவைக்கோலா மீன் நாலைந்து கிடக்கும். பின்னால் ஒரு தூண்டில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும், இரண்டு தடவை சூரை மாட்டியது, புளிமுளம் (எங்கள் ஊர் மீன் குழம்பு) வைத்தேன். மூன்று பேர் தின்று தீராத மீன் மாட்டினால் மறுநாளே கெட்டுவிடும் என்பதால் பெரிதாக எதுவும் பிடிக்க ஆசைப்படவில்லை.

குளியல் பின்பக்கத்தில் உட்கார்ந்து வாளியில் கடல்நீர் கோரி. சாதாரண சோப்பு உப்புத் தண்ணீரில் நுரைக்காது, தேங்காய் எண்ணெயில் செய்த சோப்பு நுரைக்கும். நம் ஊரில் வீட்டிலேயே காய்ச்சுகிற சோப்பு அங்கே பெரிய உதவியாக இருந்தது. கடைசியில் அரை லிட்டர் நல்ல தண்ணீரில் துண்டை நனைத்து உடம்பை ஒற்றித் துடைக்க வேண்டும், இதை மட்டும் விடவே கூடாது. உப்பு தோலில் தங்கினால் அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், உட்காருகிற இடத்தில் புண் வரும். கடல்நீரில் துவைத்த துணி எவ்வளவு வெயிலில் போட்டாலும் இரவில் மறுபடி ஈரமாவது இதனால்தான்.

நாங்கள் வள்ளத்தில் பாய் விரித்தால் ஒருவன் தாமானையும் (பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு) ஒருவன் சுக்கானையும் விடாமல் பிடித்திருப்போம். மூன்று பேர் 17 நாள் எப்படிப் பிடித்தீர்கள்?
*75 வயது மீனவர், குளச்சல்*

ஐயா, நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. 17 நாளில் நாங்கள் கையால் சுக்கான் பிடித்த நேரத்தைக் கூட்டினால் ஒரு நாள்கூட வராது. அமரத்தில், அதாவது படகின் பின்முனையில், ஒரு பலகை நிற்கும், அதைக் காற்றுக்கு நேராகத் திருப்பி வைத்துவிட வேண்டும். படகு வழி விலகினால் காற்று அந்தப் பலகையின் பக்கத்தில் அடித்துச் சாய்க்கும். சாய்ந்த பலகை தண்ணீருக்குள் இருக்கிற ஒரு துடுப்பைச் சற்றுத் திருப்பும், ஓடுகிற தண்ணீர் அந்தத் துடுப்பைப் பிடித்துப் பலமாகப் பக்கத்துக்குத் தள்ளும், அந்தப் பலம் இரண்டு கயிறு வழியாகச் சுக்கானை இழுத்துப் படகைத் திருப்பிவிடும். மின்சாரம் ஒரு சொட்டு வேண்டாம். ஆனால் அதற்குத் தெரிந்தது காற்று மட்டும்தான், திசை தெரியாது. காற்று மாறினால் படகையும் கூட மாற்றிக் கொண்டுபோய்விடும். அதனால்தான் காவல்காரன் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

அங்கே ஆகஸ்டில் தென்கிழக்கிலிருந்து ஒரே சீராகக் காற்று வீசும். நாள் கணக்கில் பாயைத் தொட வேண்டியிராது. அதில்தான் கெடுதலும் இருக்கிறது ஐயா, கயிறு ஒரே இடத்தில் உட்கார்ந்து தேயும். ஆறாம் நாள் காலை முன்பாயின் தாமானைக் கையால் உருவிக்கொண்டே போனேன், கப்பியைத் தொடுகிற இடத்தில் விரலுக்குப் பூனை முடி மாதிரி மெத்தென்று பட்டது. குனிந்து பார்த்தால் வெளி உறை முழுக்கப் பிய்ந்து உள்ளிழை வெள்ளையாகத் தெரிகிறது. முந்தின நாள் சாயங்காலம் பார்த்தபோது ஒன்றும் இல்லை. உடனே ஒன்றரை அடி வெட்டி எறிந்துவிட்டு மறுமுடிச்சுப் போட்டோம், உரசுகிற இடத்துக்குப் பழைய தோல் பெல்ட்டைச் சுற்றித் தைத்தேன். அப்புறம் தினமும் காலையில் பாயை ஏற்றுகிற ஆஞ்சான் கயிற்றையும் தாமானையும் ஒரு சாண் நகர்த்திவிடுவது என் முதல் வேலையானது. கண்ணால் மட்டும் பார்க்காதே, தடவிப் பார் என்று என் அப்பா வலையைப் பற்றிச் சொல்லுவார், அது கயிற்றுக்கும் பொருந்தும்.

குமட்டல், வாந்தி இல்லையா?
*பேருந்தில் ஏறினாலே தலைசுற்றும் ஒரு வாசகர், தக்கலை*

இருந்தது. முதல் மூன்று நாள், எனக்கும்தான். மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கியபிறகு உள்ளே நிற்காது. கீழே அறைக்குள் குனிந்து வேலை செய்யாமல் வெளியே உட்கார்ந்து தொடுவானத்தைப் பார்க்கலாம், இல்லாவிட்டால் கண்ணை மூடிப் படுத்துவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிப்பதை நிறுத்தக் கூடாது.

பயந்த தருணம்?
*பலர்*

புயலைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள், புயல் வரவில்லை. எனக்குப் பயம் தண்ணீரில் விழுவதுதான். மணிக்கு 5 கடல் மைல் வேகத்தில் போகிற படகு ஒரு நிமிஷத்தில் 150 மீட்டர் தாண்டிவிடும். இரண்டு மீட்டர் அலைக்கு நடுவில் ஒரு மனிதத் தலை தேங்காய் அளவுகூடத் தெரியாது. மற்ற இரண்டு பேரும் உறங்குகிறார்கள் என்றால் சத்தமும் கேட்காது. அதனால் அறையிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே இடுப்பு வாரின் கொக்கியைப் படகோடு மாட்டிவிட வேண்டும், பகலானாலும் சரி. ஆண்கள் விளிம்பில் நின்று சிறுநீர் கழிக்கக் கூடாது, வாளி இருக்கிறது. அந்த அம்மா இந்த விதியை முதல் நாளே சொல்லிவிட்டார்கள், யாரும் மீறவில்லை.

அலை பற்றி ஒன்று. காற்றலை எங்களுக்குப் பின்னாலிருந்து வரும், அதற்குக் குறுக்கே தெற்கிலிருந்து நீளமான இன்னொரு அலை எப்போதும் வந்துகொண்டிருக்கும். மெதுவாகத் தூக்கும், மெதுவாக இறக்கும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் தென்கடல் புயலில் பிறந்து வருகிற அலை அது. அந்த இனத்து அலைதான் பல நாள் பயணம் செய்து நம் கரையில் வந்து கள்ளக்கடலாகத் திடீரென்று பொங்கி ஏறுகிறது. ஆழத்தில் எங்களைத் தொட்டில் மாதிரி ஆட்டியது, கரையில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். 2024 மே 6-ஆம் தேதி நம் குமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை இழந்தோமே, அன்றைக்கும் வானம் தெளிவாகத்தான் இருந்தது. கடல் நிலையைக் கணிக்கிற மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. வெயில் அடிக்கிறதே என்று தயவுசெய்து அதைத் தள்ளிவிடாதீர்கள்.

பெண்கள் இப்படிப் போக முடியுமா?
*பிளஸ் டூ மாணவி, இரணியல்*

போய்விட்டு வந்துவிட்டார்கள், மோளே. இந்தியக் கடற்படையின் தாரிணி 56 அடி நீளப் பாய்ப்படகு. 2017 செப்டம்பரில் 6 பெண் அதிகாரிகள் கோவாவிலிருந்து அதில் கிளம்பி, உலகைச் சுற்றி 2018 மே மாதம் திரும்பினார்கள். அதே படகில் 2024 அக்டோபரில் இரண்டே பேர், தில்னாவும் ரூபாவும் கிளம்பி 2025 மே மாதம் திரும்பினார்கள். ரூபா புதுச்சேரிக்காரர். இரண்டு பேர் என்றால் ஒருவர் உறங்கும்போது மற்றவர் தனி, எட்டு மாதம் அப்படி. மேலே நான் எழுதிய உறக்கக் கணக்கைப் படித்துவிட்டு அதை நினைத்துப் பார்.

என் வீட்டுக்காரர் விசைப்படகில் சுறா, சூரை பிடிக்க 40 நாள் போகிறார். இப்போதும் கடலில்தான். சின்னவன் தினமும் ராத்திரி "அப்பா இப்ப என்ன செய்வாரு" என்று கேட்கிறான். என்ன சொல்வது?
*ஒரு தாய், சின்னத்துறை*

தங்கச்சி, உங்கள் கடிதத்தைப் பல தடவை படித்தேன். நான் 17 நாள் போனதை ஒரு இதழ் அச்சடிக்கிறது. தூத்தூர் கரையின் ஆண்கள் வருஷம் முழுக்க அதற்கு மேலும் போகிறார்கள், அது யார் கண்ணிலும் படவில்லை.

பையனிடம் உள்ளதைச் சொல்லுங்கள். படகில் ஒருவர் விழித்திருக்கிறார், மற்றவர்கள் உறங்குகிறார்கள், அப்பா இந்த இரண்டில் ஒன்று. விழித்திருந்தால் மேலே பார்ப்பார். வானம் தெளிவாக இருந்தால் பையனைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வடக்கே காட்டுங்கள், தென்னந்தோப்பு மறைக்காத இடமாகப் பார்த்து. துருவ நட்சத்திரம் நம் ஊரில் தொடுவானத்துக்கு மேலே, நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரம்கூட இருக்காது. நான் போன தென்கடலில் அது தண்ணீருக்குக் கீழே போய்விட்டது. பத்தாம் நாள் படகின் தீர்க்கரேகை 77.5 என்று காட்டியது, கன்னியாகுமரியின் ரேகை. நேர் வடக்கே ஏறத்தாழ 1,500 கடல் மைலில் வீடு. என் மக்கள் என்னைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அன்று ராத்திரி முழுக் காவலும் வடக்கே பார்த்து உட்கார்ந்திருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் வடக்கே போயிருந்தால் அவருக்கு அந்த நட்சத்திரம் இன்னும் உயரத்தில் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2017 ஒக்கிப் புயலில் நம் படகுகள் பல, கரையிலிருந்து வி.எச்.எஃப். வானொலி எட்டாத தூரத்தில் இருந்தன. அந்த வானொலி சில பத்து மைல்தான் போகும். நாங்கள் போன படகில் ஒரு அபாய ஒலிபரப்பி இருந்தது. முடுக்கினால் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி போகும், கடலில் எங்கே இருந்தாலும். நம் படகுகளுக்கும் இஸ்ரோ உருவாக்கிய அபாயக் கருவி இருக்கிறது, அதன் புதிய வகையில் செய்தி போய்ச் சேர்ந்தது என்று மீனவருக்குப் பதிலும் வரும். அவர் திரும்பியதும், அடுத்த தடவை போகும் முன்னால், நீங்களே துறைமுகத்துக்குப் போய்ப் படகில் ஏறி மூன்று விஷயம் பாருங்கள்: கருவி இருக்கிறதா, அதன் பேட்டரித் தேதி முடிந்துவிட்டதா, அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஆபத்துச் செய்தி வந்தால் பதிவில் உள்ள தொலைபேசி எண்ணைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பல படகில் அது முந்தைய உரிமையாளரின் பழைய எண்ணாக இருக்கும். மாற்றச் சொல்லுங்கள், கரையில் எப்போதும் போனை எடுக்கிற ஒருவரின் எண்ணைக் கொடுங்கள். கடலோரக் காவல்படையின் உதவி எண் 1554-ஐ உங்கள் போனிலும் பையனின் நோட்டிலும் எழுதி வையுங்கள்.